குடற்புழு நோய்களை அறிதலும் களைதலும்

வகுப்பில் ஒரு சிறுவன் பாடத்தில் மனம் செலுத்தாமல் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறான். இடைவேளை மணி அடித்ததும் மற்றப் பிள்ளைகள் ஓடியாடி விளையாடுகையில் இவன் மட்டும் சுவர் நிழலை நாடிச் செல்கிறான். முகம் வெளுத்திருக்கிறது, கை கால்கள் மெலிந்திருக்க, வயிறு சற்றுப் பருத்துக் காணப்படுகிறது. இத்தகைய பிள்ளையைச் சோம்பேறி என்றோ மந்தபுத்தி உடையவன் என்றோ கருதிவிடுதல் எளிது. ஆனால் அவனுடைய குடலில் தங்கி, அவன் உண்ணும் உணவிலும் அவன் உடலில் ஓடும் இரத்தத்திலும் பங்கு கொள்ளும் புழுக்களே அச்சோர்வுக்குக் காரணமாக இருக்கக்கூடும்.

மண்ணின் வழியாகப் பரவும் குடற்புழுக்கள் உலகில் ஏறத்தாழ 150 கோடி மக்களைப் பற்றியுள்ளன என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இந்தியாவிலும் இவை பரவலாகக் காணப்படுகின்றன. காலரா போன்ற நோய்கள் சில மணி நேரத்தில் உயிரைப் பறிப்பதால் மக்கள் அவற்றிற்கு அஞ்சுகின்றனர். குடற்புழுக்களோ அவ்வாறு கொல்வதில்லை. மெல்ல மெல்ல உடலை நலியச் செய்கின்றன. ஆகவே, பலர் இவற்றை ஒரு நோயாகவே கருதுவதில்லை. நோயை முதலில் கண்ணுறும் வாய்ப்பு மருத்துவருக்கு அன்று. நாள்தோறும் பிள்ளைகளைக் காணும் ஆசிரியருக்கும், வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளருக்குமே உண்டு. இவர்கள் அறிந்திருக்க வேண்டியவை யாவை, செய்யத்தக்கவை யாவை, செய்யத்தகாதவை யாவை என்பன இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

உருளைப்புழு

குடற்புழுக்களில் மக்கள் நன்கறிந்தது இதுவே. ஊர்ப்புறங்களில் இதனை நாக்குப்பூச்சி என்பர். வெண்மையோ இளஞ்சிவப்போ கலந்த நிறமுடையது. 15 முதல் 35 சென்டிமீட்டர் வரை நீளமுள்ளது. பார்வைக்கு மண்புழுவை ஒத்தது. பெண்புழு ஒரு நாளில் 2,00,000 முட்டைகள் வரை இடவல்லது. முட்டைகள் மலத்துடன் வெளியேறி மண்ணை அடைகின்றன. வெளியேறிய உடனே அவை நோயைத் தருவதில்லை. நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரங்கள் கிடந்து முதிர்ந்த பின்னரே தொற்றும் ஆற்றலைப் பெறுகின்றன. தடித்த ஓடு உடையவையாதலால் தக்க சூழ்நிலையில் ஆண்டுக்கணக்கில் மண்ணில் உயிருடன் இருக்கின்றன.

மண் படிந்த கைகள், கழுவாத காய்கறிகள், மூடாத உணவு ஆகியவற்றின் மூலம் முட்டை வயிற்றை அடைகிறது. சிறுகுடலில் முட்டையிலிருந்து வெளிப்படும் இளம்புழு குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்துடன் கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் செல்கிறது. பின்னர் மூச்சுக்குழல் வழியாக மேலேறித் தொண்டையை அடைந்து, விழுங்கப்பட்டு, மீண்டும் சிறுகுடலுக்கு வந்து முதிர்கிறது. முட்டை வாயினுள் சென்ற நாள் தொட்டுப் பெண்புழு முட்டையிடத் தொடங்கும் வரை இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். நுரையீரலில் செல்லுங்காலத்தில் சிலருக்கு வறட்டு இருமலும் இளைப்பும் ஏற்படுவதுண்டு.

புழுக்கள் சில மட்டுமே இருப்பின் நோயாளிக்கு எக்குறையும் தோன்றாமல் இருக்கலாம். அவை பலவாயின் பசிக்குறைவு, வயிற்று வலி, குமட்டல், வளர்ச்சிக் குறைவு ஆகியவை காணப்படும். பல புழுக்கள் ஒன்றோடொன்று பின்னிப் பந்துபோல் திரண்டு சிறுகுடலை அடைத்துக்கொள்வதும் உண்டு. இது சிறு பிள்ளைகளிடையே உயிருக்கே ஆபத்தான நிலையாகும். சில வேளை புழு பித்தநாளத்தினுள் நுழைந்து கடுமையான வலியையும் மஞ்சட்காமாலையையும் உண்டாக்குகிறது. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் இது மிகுதி. அங்குள்ள மருத்துவர்கள் கல்லீரல், பித்தநாளம், கணையம் ஆகியவற்றைப் புழு பற்றிய 500 நோயாளிகளைப் பற்றிய ஆய்வை 1990ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

கொக்கிப்புழு

பார்வைக்குச் சிறியதாயினும் தீமையிற் பெரியது கொக்கிப்புழு. இதன் நீளம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். ஆங்கைலோஸ்டோமா டுவோடினேல், நெகேட்டர் அமெரிகானஸ் என்னும் இரு இனங்கள் மனிதனைப் பற்றுகின்றன; இரண்டும் இந்தியாவில் உள்ளன. 1838ஆம் ஆண்டில் மிலான் நகரில் பிணப் பரிசோதனை ஒன்றின்போது டுபீனி என்னும் இத்தாலிய மருத்துவர் இதனை முதன்முதலாகக் கண்டார். அது உடலினுள் புகும் வழி மட்டும் நெடுங்காலம் விளங்கவில்லை. கெய்ரோ நகரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், இளம்புழுக்கள் நிறைந்த நீர் தற்செயலாகத் தம் கையில் சிந்தியபோது அவ்விடத்தில் அரிப்பும் சிவப்பும் தோன்றுவதைக் கண்டார். பின்னர்த் தம் மலத்திலேயே கொக்கிப்புழு முட்டைகள் இருத்தலை அறிந்தார். தோலின் வழியாக இப்புழு உடலினுள் புகுகிறது என்ற உண்மையை அவர் 1898ஆம் ஆண்டில் அறிவித்தார். இந்தியாவில் இந்நோயின் பரவலைக் குறித்து 1920களில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பணியாற்றிய சாண்ட்லர் விரிவாக ஆராய்ந்தார்.

மலத்துடன் வெளியேறும் முட்டை ஈரமண்ணில் ஓரிரு நாட்களில் பொரிக்கிறது. மேலும் ஐந்து முதல் பத்து நாட்களில் இளம்புழு தோலைத் துளைக்கும் பருவத்தை அடைகிறது. தக்க ஈரமும் வெப்பமும் இருப்பின் மூன்று நான்கு வாரங்கள் மண்ணில் காத்திருக்கும். வெறுங்காலுடன் அவ்விடத்தில் நிற்பவருடைய விரலிடுக்குகளில் புகுந்து, உருளைப்புழுவைப் போலவே நுரையீரல் வழியாகக் குடலைச் சென்றடையும். நுழைந்த இடத்தில் அரிப்பும் சிறு கொப்புளங்களும் தோன்றும். இதனைச் சேற்றுப்புண் என்று எண்ணி மக்கள் பொருட்படுத்துவதில்லை.

குடலை அடைந்த புழு தன் வாயால் குடற்சுவரைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சுகிறது. நெகேட்டர் இனப் புழு ஒன்றினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர் இரத்தமும், ஆங்கைலோஸ்டோமா இனப் புழு ஒன்றினால் ஏறத்தாழ 0.15 மில்லிலிட்டர் இரத்தமும் இழக்கப்படுகின்றன. அளவு மிகச் சிறிதெனத் தோன்றலாம். கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். ஆங்கைலோஸ்டோமா 100 புழுக்கள் இருப்பின் நாளொன்றுக்கு 15 மில்லிலிட்டர் இரத்தம் போகிறது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 10 கிராம் ஹீமோகுளோபின் உள்ள ஒருவருக்கு இந்த 15 மில்லிலிட்டரில் 1.5 கிராம் ஹீமோகுளோபின், அஃதாவது ஏறத்தாழ 5 மில்லிகிராம் இரும்புச் சத்து குடலில் கொட்டப்படுகிறது. இதில் ஒரு பகுதியை உடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். ஆயினும் சாதாரண உணவிலிருந்து ஒருவர் நாள்தோறும் பெறும் இரும்பு ஓரிரு மில்லிகிராமே ஆகும். வரவினும் செலவு மிகும்போது சேமிப்புக் கரைவது இயல்பு. இவ்வாறே இரத்தசோகை உண்டாகிறது.

வளரும் பிள்ளைகள், மாதவிடாய் தொடங்கிய பெண்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு இரும்பின் தேவை இயல்பாகவே மிகுதி. ஆதலால் கொக்கிப்புழுவின் தீமை இவர்களையே முதலில் தாக்குகிறது. தாயின் இரத்தசோகை பேறுகாலத்தில் அவளுக்கு ஆபத்தாகவும், குழந்தை எடை குறைந்து பிறப்பதற்குக் காரணமாகவும் அமைகிறது.

சாட்டைப்புழு

சாட்டையின் கயிறுபோல் மெல்லிய முன்பகுதியும், பிடிபோல் தடித்த பின்பகுதியும் உடையதால் இப்பெயர் பெற்றது. நீளம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர். மெல்லிய முன்பகுதியைப் பெருங்குடலின் சுவரில் செருகிக்கொண்டு வாழ்கிறது. முட்டை பரவும் வழி உருளைப்புழுவைப் போன்றதே; ஆனால் இளம்புழு நுரையீரலுக்குச் செல்வதில்லை. தொற்று மிகுந்தால் சளியும் இரத்தமும் கலந்த பேதி, இரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு ஆகியவை நேரும். முக்கி முக்கி மலங்கழிப்பதால் சில பிள்ளைகளுக்குக் குடலின் கடைப்பகுதி ஆசனவாய் வழியே வெளித்தள்ளப்படுவதும் உண்டு.

கீரிப்பூச்சி

வெள்ளை நூல் துண்டு போன்ற இச்சிறு புழு, பெண்ணாயின் 8 முதல் 13 மில்லிமீட்டர் நீளமுடையது. இரவில் பிள்ளை உறங்குகையில் பெண்புழு ஆசனவாயின் வெளியே வந்து அவ்விடத்துத் தோலில் முட்டையிடுகிறது. அதனால் எழும் அரிப்பைத் தாங்காது பிள்ளை சொறிகிறது. நகத்தில் ஒட்டிய முட்டைகள் வாய்க்கும், படுக்கைக்கும், உடன் உறங்குவோருக்கும் செல்கின்றன. இம்முட்டைகள் சில மணி நேரத்திலேயே தொற்றும் ஆற்றல் பெறுவதால் மண்ணின் துணை இதற்குத் தேவையில்லை. கழிப்பிட வசதியுள்ள நகர வீடுகளிலும் இது காணப்படுவதன் காரணம் இதுவே. இம்முட்டைகள் மலப் பரிசோதனையில் பெரும்பாலும் காணப்படுவதில்லை. காலையில் பிள்ளை எழுந்தவுடன், கழுவுவதற்கு முன், ஒட்டும் தாள் நாடாவை ஆசனவாயருகே ஒற்றி எடுத்து, கண்ணாடிச் சில்லில் பதித்து நுண்ணோக்கியில் காண்பதே தக்க முறை.

நாடாப்புழு

பன்றி இறைச்சியையும் மாட்டிறைச்சியையும் நன்கு வேகவைக்காமல் உண்பதால் இருவகை நாடாப்புழுக்கள் குடலில் வளர்கின்றன. இவை பல மீட்டர் நீளம் வளரக்கூடியவை. தட்டையான வெள்ளைத் துண்டுகள் மலத்தில் காணப்படுதல் இதன் அடையாளம். இறைச்சியின் தொடர்பின்றி, மலத்தால் மாசடைந்த உணவின் மூலம் பிள்ளைகளிடையே பரவும் குறுநாடாப்புழுவும் உண்டு.

பன்றி நாடாப்புழுவைப் பற்றி ஒரு முக்கியமான உண்மையை அனைவரும் அறிதல் வேண்டும். இறைச்சியின் மூலம் வருவது குடலில் வாழும் புழு; ஆனால் அப்புழுவை உடைய மனிதனின் மலத்திலுள்ள முட்டைகளை மற்றொருவர் உணவுடனோ நீருடனோ விழுங்கினால், இளம்புழுக்கள் அவருடைய மூளையிற் சென்று சிறு பைகளாகத் தங்கக்கூடும். இந்தியாவில் வலிப்பு நோய்க்கான காரணங்களில் இது முக்கியமானது. எனவே இறைச்சியையே உண்ணாதவருக்கும் இந்நோய் வரலாம். வலிப்பு வந்தவருக்கோ, தீராத தலைவலி உடையவருக்கோ மருத்துவர் பரிசோதிக்கும் முன் புழுமருந்து கொடுத்தல் கூடாது. மூளையிலுள்ள பைகள் மருந்தால் கலைக்கப்படும்போது வீக்கமும் வலிப்பும் மிகக்கூடும்.

கண்ணுக்குப் புலப்படாத ஒட்டுண்ணிகள்

புழுக்களேயன்றி, ஓரணு உயிர்களான அமீபாவும் ஜியார்டியாவும் குடலில் நோய் விளைவிக்கின்றன. அமீபா சீதபேதியில் சளியும் இரத்தமும் கலந்து பல முறை மலம் கழியும். சில வேளை கல்லீரலில் சீழ்க்கட்டி உண்டாகும். 1912ஆம் ஆண்டில் கல்கத்தாவில் லியோனார்டு ராஜர்ஸ் எமெட்டீன் ஊசியால் இதனைக் குணப்படுத்தும் முறையை நிலைநாட்டினார். அம்மருந்தின் நச்சுத்தன்மை காரணமாக, பின்னர் மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகள் அதன் இடத்தைப் பெற்றன. ஜியார்டியா நோயில் நுரையும் துர்நாற்றமும் எண்ணெய்ப்பசையும் உள்ள பேதி, வயிற்று உப்புசம், எடைக்குறைவு ஆகியவை காணப்படும். புழு நீக்கத்திற்காக ஒரு முறை கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரை இந்நோய்களைக் குணப்படுத்தாது. பேதி நீடிக்கும் பிள்ளையை, “புழு மாத்திரை கொடுத்தாயிற்று” என்று சொல்லி விட்டுவிடுதல் தவறு.

அறிகுறிகளும் தவறான அடையாளங்களும்

கீழ்க்கண்ட குறிகள் குடற்புழு இருக்கலாம் என்பதற்கு அடையாளம்: மலத்திலோ வாந்தியிலோ புழு காணப்படுதல், இரவில் ஆசனவாயில் அரிப்பு, அடிக்கடி வயிற்று வலி, கீழிமையின் உட்புறமும் நாக்கும் உள்ளங்கையும் வெளுத்தல், சிறிது ஓடினாலும் மூச்சு வாங்குதல், மண், சாம்பல், சுண்ணாம்பு ஆகியவற்றைத் தின்னும் பழக்கம். மண் தின்பதால் புழுமுட்டை வயிற்றை அடைகிறது. புழுவினால் இரும்புச் சத்துக் குறைகிறது. இரும்புச் சத்துக் குறைவோ மண் தின்னும் ஆவலைத் தூண்டவல்லது. இவ்வட்டத்தை அறியாது பிள்ளையை அடிப்பதால் பயனில்லை.

மக்கள் வழக்கில் உள்ள சில அடையாளங்கள் நம்பத்தக்கவை அல்ல. உறக்கத்தில் பல்லை நறநறவெனக் கடித்தலும், முகத்தில் வெளிறிய தேமல் தோன்றுதலும் புழுவின் குறிகள் என்பர். இவற்றுக்கு வேறு காரணங்கள் உண்டு. இனிப்புத் தின்றால் பூச்சி வளரும் என்பதும் உண்மையன்று. இனிப்பில் புழு தோன்றுவதில்லை. கழுவாத கையே அதனை வாய்க்குக் கொண்டு செல்கிறது. மேலும், வெளுப்பு என்பது எப்பொழுதும் புழுவினால் மட்டும் வருவதன்று. உணவில் இரும்புக் குறைவு, மலேரியா, பரம்பரை இரத்த நோய்கள் ஆகியவற்றாலும் வரும். 5 முதல் 11 வயது வரை 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11.5 கிராமுக்கும், 12 முதல் 14 வயது வரை 12 கிராமுக்கும் குறைந்தால் அது இரத்தசோகை எனப்படும். இதனைச் சோதித்தே அறிதல் வேண்டும்.

மலப் பரிசோதனை

அகன்ற வாயுள்ள, உலர்ந்த, தூய சீசாவில் மலத்தைச் சேகரித்தல் வேண்டும். அதில் சிறுநீரோ மண்ணோ கலத்தல் ஆகாது. பெயர், வயது, நாள், நேரம் ஆகியவற்றைச் சீசாவின்மீது எழுதி அன்றே பரிசோதனைக் கூடத்தில் சேர்ப்பித்தல் நன்று. சீதபேதியாயின் உயிருள்ள அமீபாவைக் காண்பதற்கு அரைமணி நேரத்திற்குள் பார்த்தல் அவசியம்.

முட்டைகளின் எண்ணிக்கையைக் கணக்கிட, ஜப்பானிய அறிஞர் காட்டோ 1954இல் வகுத்து, பிரேசில் நாட்டுக் காட்ஸ் 1972இல் திருத்தியமைத்த முறை கையாளப்படுகிறது. இதில் சிறு துளையுள்ள அச்சினால் 41.7 மில்லிகிராம் மலத்தை அளந்து, கிளிசரினில் ஊறிய செல்லோஃபேன் தாளால் மூடி, முட்டைகளை எண்ணுவர். வந்த தொகையை 24ஆல் பெருக்கினால் ஒரு கிராம் மலத்திலுள்ள முட்டைகளின் எண்ணிக்கை கிடைக்கும். எடுத்துக்காட்டாக 90 முட்டைகள் காணப்பட்டால் ஒரு கிராமில் 2,160 முட்டைகள் உள்ளன எனக் கொள்க. உருளைப்புழுவாயின் 5,000க்குக் கீழ்ப்பட்டதால் இது இலேசான தொற்று. கொக்கிப்புழுவாயின் 2,000ஐக் கடந்துவிட்டதால் இது நடுத்தரத் தொற்று. ஒரே எண் புழுவிற்கேற்ப வேறுவேறு பொருள் தருதலைப் பணியாளர் நினைவிற் கொள்ளல் வேண்டும். கொக்கிப்புழு முட்டைகள் கிளிசரினில் விரைவில் மறைந்துவிடுமாதலால் சில்லைத் தயாரித்த அரைமணி முதல் ஒரு மணி நேரத்திற்குள் எண்ணிவிடுதல் வேண்டும். ஒரு முறை முட்டை காணாமையால் புழு இல்லையென்று உறுதியாகக் கூற இயலாது.

சிகிச்சை

அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை ஒரு முறை கொடுப்பதே பரவலாகக் கையாளப்படும் சிகிச்சை. இது உருளைப்புழுவை மிக நன்றாகவும், கொக்கிப்புழுவை நன்றாகவும் நீக்குகிறது. சாட்டைப்புழுவிற்கு ஒரு முறை கொடுப்பது போதிய பயன் தருவதில்லை. மருத்துவர் தொடர்ந்து சில நாட்கள் கொடுக்கும்படி கூறலாம். கீரிப்பூச்சிக்கு இரண்டு வாரங்களுக்குப் பின் மற்றொரு முறை கொடுத்தலும், வீட்டில் உள்ள அனைவருக்கும் ஒரே நாளில் சிகிச்சை செய்தலும் அவசியம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இம்மருந்தைக் கொடுத்தல் ஆகாது.

புழு நீங்கியதும் இரத்தம் தானே ஊறிவிடும் என்று கருதுதல் பிழை. ஓட்டையை அடைத்தால் மட்டும் குடம் நிறைந்துவிடாது. இரத்தசோகை உள்ளவருக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் உள்ள மாத்திரைகளையும், கீரை, பருப்பு, நெல்லிக்காய் முதலிய உணவுகளையும் தொடர்ந்து கொடுத்தல் வேண்டும்.

பின்வரும் நிலைகளில் மாத்திரை கொடுத்துக் காத்திராது, பிள்ளையை உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்: விட்டுவிட்டு வரும் கடுமையான வயிற்று வலி, வயிறு உப்புதல், ஓயாத வாந்தி, மலமும் காற்றும் பிரியாமை, மஞ்சட்காமாலையுடன் கூடிய வயிற்று வலி, இரத்தபேதி, வலிப்பு, நடக்க இயலாத அளவுக்கு மூச்சுத்திணறலுடன் கூடிய வெளுப்பு. முதலிற் கூறியவை குடல் அடைப்பின் குறிகள். அந்நிலையில் வாய்வழியாக எதனையும் கொடுத்தல் ஆகாது; விளக்கெண்ணெய் முதலிய பேதி மருந்து கொடுப்பது பெருந்தீங்கு.

மாத்திரை வழங்கும் நாள்

இந்திய அரசு 2015ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தேசியக் குடற்புழு நீக்க நாளைத் தொடங்கியது. பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் 1 முதல் 19 வயது வரையுள்ளோர்க்கு மாத்திரை வழங்குவது இதன் நோக்கம். 1 முதல் 2 வயது வரை அரை மாத்திரையும், அதற்கு மேற்பட்டோர்க்கு ஒரு முழு மாத்திரையும் உரிய அளவு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மாத்திரையை நன்கு பொடித்து நீரில் கலந்தே கொடுத்தல் வேண்டும். மற்றவர்கள் மென்று தின்னும்படி செய்தல் வேண்டும். அழும் குழந்தையின் மூக்கைப் பிடித்து வாயில் திணித்தலால் மாத்திரை மூச்சுக்குழலை அடைத்து உயிர் போகக்கூடும். இதில் அவசரம் காட்டுதல் ஒருபோதும் ஆகாது. காய்ச்சலோ வேறு நோயோ உள்ள பிள்ளைக்கு அன்று கொடாமல், குணமடைந்த பின் கொடுத்தல் வேண்டும். வீட்டிற்குக் கொண்டுசெல்ல மாத்திரையைக் கையில் கொடுத்தனுப்புதல் கூடாது. ஆசிரியரின் முன்னிலையிலேயே உட்கொள்ளச் செய்து, பதிவேட்டில் குறித்தல் வேண்டும்.

மாத்திரை உண்ட பின் சில பிள்ளைகளுக்குக் குமட்டல், வாந்தி, இலேசான வயிற்று வலி, தலைசுற்றல் ஆகியவை தோன்றலாம். புழுக்கள் மிகுந்திருக்கும் பிள்ளைகளிடமே இவை பெரும்பாலும் காணப்படுகின்றன. அவர்களை நிழலில் படுக்கவைத்துத் தூய நீர் கொடுத்தால் சிறிது நேரத்தில் தணிந்துவிடும்; தணியாவிடில் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். ஒரு பிள்ளை வாந்தியெடுத்ததைக் கண்டு மற்றப் பிள்ளைகளும் அஞ்சி மயங்குவதும், அச்செய்தி ஊரெங்கும் பரவிப் பெற்றோர் பள்ளிக்கு விரைந்து வருவதும் நேரக்கூடியவையே. இதனைத் தவிர்க்கும் வழி, முன்னதாகவே பெற்றோரைக் கூட்டி மருந்தின் பயனையும், நேரக்கூடிய சிறு தொல்லைகளையும் மறைக்காமல் எடுத்துரைப்பதேயாகும். முன்கூட்டி அறிந்தவர் அஞ்சுவதில்லை, மறைக்கப்பட்டவரே ஐயுறுவர்.

தடுப்பு முறைகள்

மாத்திரை, குடலிலுள்ள புழுவை மட்டுமே நீக்குகிறது. மண்ணிலுள்ள முட்டையை நீக்குவதில்லை. சிகிச்சை பெற்ற பிள்ளை அதே மண்ணில் விளையாடினால் மீண்டும் புழுவைப் பெறுகிறான். உருளைப்புழு, சாட்டைப்புழு ஆகியவற்றின் பரவல், சிகிச்சைக்குப் பின் ஓராண்டுக்குள் பழைய அளவை நெருங்கிவிடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே மனித மலம் மண்ணில் கலவாதபடி செய்தலே நிலையான தடுப்பாகும்.

கழிப்பிடம் கட்டுதல் ஒரு பாதி. வீட்டிலுள்ள அனைவரும் அதனைப் பயன்படுத்துதல் மறு பாதி. குழந்தையின் மலத்தில் தீங்கில்லை என்று கருதி அதனை முற்றத்திலோ குப்பையிலோ எறிதல் பல இடங்களில் உள்ள வழக்கம். உண்மையில் புழுமுட்டைகளை மிகுதியாகப் பரப்புவோர் சிறு பிள்ளைகளே. அம்மலத்தையும் கழிப்பிடத்திலேயே சேர்த்தல் வேண்டும். இரட்டைக் குழிக் கழிப்பிடத்தில் நிறைந்த குழியை மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்துதல் முறை. உருளைப்புழு முட்டைகள் நீண்ட நாள் உயிருடன் இருப்பவையாதலால், மூடிய குழியை இரண்டாண்டு வரை திறவாமல் விட்டு, பின்னரே அதனை எருவாகப் பயன்படுத்துதல் பாதுகாப்பானது. பச்சை மலத்தைக் காய்கறித் தோட்டத்திற்கு எருவாக இடுதல் அறவே தகாது.

மலங்கழித்த பின்னும் உண்ணுமுன்னும் சோப்பினால் கை கழுவுதல், நகங்களை ஒட்ட வெட்டுதல், காலணி அணிதல், பச்சையாக உண்ணும் காய்கனிகளை ஓடும் நீரில் நன்கு கழுவுதல், உணவை ஈ மொய்க்காமல் மூடிவைத்தல், இறைச்சியை நன்கு வேகவைத்தல் ஆகியவை எஞ்சிய வழிகள். குடிநீரில் சாதாரண அளவில் இடும் குளோரின் பல கிருமிகளைக் கொல்லும். ஆனால் புழுமுட்டைகளையும் அமீபாவின் உறைகளையும் நம்பத்தக்க அளவில் அழிப்பதில்லை. ஐயமுள்ள நீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடித்தலே நலம்.

ஆசிரியரின் பங்கு

பள்ளியில் கை கழுவும் இடமும் சோப்பும் இல்லாவிடில் கை கழுவுதலைப் பற்றிய பாடம் பயன் தராது. பூட்டிய கழிப்பிடமும் அவ்வாறே. பிள்ளைகள் கற்பது சொல்லக் கேட்டதை அன்று; நாள்தோறும் செய்ததையே. நண்பகல் உணவுக்கு முன் வரிசையாகக் கை கழுவச் செய்தல், வாரத்தில் ஒரு நாள் நகங்களைப் பார்த்தல், மாத்திரை நாளன்று வராத பிள்ளைகளின் பெயர்களைக் குறித்துப் பின்னர் அவர்களுக்கும் கிடைக்கச் செய்தல் ஆகியவை செலவின்றிச் செய்யத்தக்கவை. பள்ளிக்கே வராத பிள்ளைகளிடம் புழு மிகுதியாக இருக்கக்கூடும். அவர்களைத் தேடிச் செல்லுதல் களப்பணியாளரின் கடமை.

தொடக்கத்திற் கூறிய சிறுவனை மீண்டும் நினைவிற் கொள்க. அவனுடைய கீழிமையைத் தாழ்த்திப் பார்த்த ஆசிரியர், வெளுப்பைக் கண்டு அவனைச் சுகாதார நிலையத்திற்கு அனுப்புகிறார். அங்கு ஹீமோகுளோபினும் மலமும் சோதிக்கப்பட்டுக் கொக்கிப்புழு இருப்பது தெரியவருகிறது. மாத்திரையும் இரும்புச் சத்தும் கொடுக்கப்படுகின்றன. சில மாதங்களில் அவன் மற்றப் பிள்ளைகளுடன் ஓடத் தொடங்கலாம். ஆனால் அவன் வீட்டின் பின்புறமுள்ள திறந்தவெளி முன்போலவே மலங்கழிக்கும் இடமாக இருந்தால், அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அவன் மீண்டும் சுவர் நிழலுக்கே திரும்புவான். அவனுக்கு மருந்து கொடுத்ததுடன் பணி முடிந்துவிடவில்லை; அவன் காலடி படும் மண் தூய்மையான பின்னரே முடிகிறது.